சோலார் பேனலைக் கழுவ வேண்டுமா, மழையே பார்த்துக்கொள்ளுமா?

மாடியில் சோலார் போட்டு முதல் கோடை வந்ததும் எல்லோருக்கும் எழுகிற கேள்வி இது. பேனல் மாட்டிக் கொடுத்தவர் "வாரம் ஒரு தடவை தண்ணி ஊத்திக் கழுவிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். பக்கத்துத் தெருவில் போட்டவரைக் கேட்டால் "நான் தொட்டதே இல்லை, மழை வந்தா எல்லாம் போயிடும்" என்பார். கடலூர், புதுச்சேரி கரையோரத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இரண்டாமவர் சொல்வதுதான் சரி. ஆனால் தை பிறந்ததிலிருந்து ஆனி வரை அவர் பேச்சை நம்பிச் சும்மா இருந்தால் உற்பத்தி குறையும். அதற்காக வாராவாரம் உப்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவினால், தூசியைவிடப் பெரிய கெடுதலை நாமே பேனலுக்குச் செய்கிறோம். எப்போது கழுவுவது, எதைப் பார்த்து முடிவு செய்வது, எந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவது என்பதைப் புதிதாகச் சோலார் போட்டவர்களுக்குப் புரியும்படி சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

சோலார் பேனல் வேலை செய்ய வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே இருக்கும் செல் மீது விழ வேண்டும். கண்ணாடி மேல் எது படிந்தாலும் அது கொஞ்சம் வெயிலைத் தடுக்கும். ஆனால் எல்லா அழுக்கும் ஒரே அளவு கெடுதல் செய்வதில்லை. முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

பேனல் முழுக்க மெல்லிசாக, ஒரே சீராகப் படிகிற தூசி ஒரு வகை. பார்ப்பதற்கு இது மோசமாகத் தெரியும். விரலால் இழுத்தால் கோடு விழும். அதைப் பார்த்ததும் மனசு பதறி வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் நிறைய. உண்மையில் அந்த மெல்லிய தூசி வெளிச்சத்தில் சில சதவீதத்தைத்தான் தடுக்கும். கரண்டும் ஏறத்தாழ அந்த அளவுக்குத்தான் குறையும்.

இன்னொரு வகை, ஓரிடத்தில் மட்டும் கெட்டியாகப் படிவது. காக்கை எச்சம், ஒட்டிக் காய்ந்துபோன இலை, பேனலின் அடி ஓரத்தில் சேர்கிற சேற்றுப் பட்டை எல்லாம் இதில் சேரும். பார்த்தால் சின்ன விஷயமாகத் தெரியும், கெடுதலோ அதிகம். பேனலுக்குள் செல்கள் ஒன்றோடு ஒன்று தொடராக இணைக்கப்பட்டிருப்பதுதான் காரணம். வீட்டுக்கு ரூஃப் கான்கிரீட் போடும் நாளில் வரிசையாக ஆட்கள் நின்று சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்புவார்களே, அதில் ஒருவர் கை தளர்ந்தால் மொத்த வரிசையும் அவர் வேகத்துக்குத்தான் போகும். செல்களும் அப்படித்தான். ஒரு செல் மறைந்தால் அந்தத் தொடரில் உள்ள மற்ற செல்களின் கரண்டும் அதோடு சேர்ந்து மட்டுப்படும். மறைந்த செல் மின்சாரம் தருவதை விட்டுவிட்டு, மற்ற செல்கள் தருவதைத் தன்னுள் வாங்கிச் சூடாக்கிக்கொள்ளவும் செய்யும். இது நாள் கணக்கில் தொடர்ந்தால் அந்த இடம் பழுப்பேறும், செல் கெடும். இதைத் தடுக்கத்தான் பேனலின் பின்பக்கப் பெட்டியில் பைபாஸ் டயோடு என்று வழக்கமாக மூன்று வைத்திருக்கிறார்கள். ஒரு பகுதி ரொம்பவும் மறைந்தால் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றவை ஓட டயோடு வழி செய்யும். பேனல் தப்பிக்கும். ஆனால் விட்டுவிட்ட பகுதியின் உற்பத்தி நமக்குப் போய்விடும்.

ஆகவே மாடிக்குப் போனால் பேனல் பளபளவென்று இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். எச்சம் எங்கே விழுந்திருக்கிறது, அடி ஓரம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

அடி ஓரத்துச் சேறு

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் பல வீடுகளில் பார்த்தவரை, உற்பத்தியைச் சத்தமில்லாமல் குறைப்பது இதுதான்.

இப்போது வீடுகளுக்கு வருகிற 540 வாட் பேனல் ஏறத்தாழ ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம் இருக்கும். உள்ளே பாதியாக வெட்டிய 144 செல்கள். சுற்றிலும் அலுமினிய ஃப்ரேம். அந்த ஃப்ரேமின் விளிம்பு கண்ணாடியைவிட ஒரு நூல் அளவு மேலே நிற்கும். கை வைத்துத் தடவிப் பார்த்தால் தெரியும். மழையோ பனியோ தூசியைக் கரைத்துக்கொண்டு கீழே வழிகிறபோது, கடைசிச் சொட்டுத் தண்ணீர் அந்த விளிம்பில் தடுக்கி நிற்கிறது. வெயில் ஏறினதும் தண்ணீர் ஆவியாகிறது, சேறு தங்கிவிடுகிறது. மறுநாள் அதன் மேல் இன்னொரு அடுக்கு. மார்கழி, தை மாதங்களில் பனி இறங்கும் ஊரில் இது தினமும் நடக்கும். மாசி கடைசியில் போய்ப் பார்த்தால் கட்டைவிரல் அகலத்துக்கோ அதற்கு மேலோ சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, பேனலின் அடி ஓரம் முழுக்க ஓடியிருக்கும்.

ஒரு பாதி செல்லின் உயரமே ஒன்பது சென்டிமீட்டர்தான். இரண்டு மூன்று விரல் அகலத்துக்குச் சேற்றுப் பட்டை ஏறினால், அடி வரிசைச் செல்கள் ஒவ்வொன்றிலும் கணிசமான பகுதி மறைந்துவிடும். பேனலை நெட்டுக்குத்தாக மாட்டியிருந்தால் அந்த அடி வரிசை மூன்று டயோடு பகுதிகளையும் தொடும். அதனால் எந்தப் பகுதியும் முழுசாகத் தப்பாது. பாதி வெட்டு செல் பேனலில் மேல் பாதி தனியாகவும் கீழ்ப் பாதி தனியாகவும் ஓடுவதால் மேல் பாதி பிழைத்துக்கொள்ளும், கீழ்ப் பாதி அடிபடும். பழைய முழு செல் பேனல் என்றால் நஷ்டம் இன்னும் கூடுதல். பேனலைப் படுக்கைவாட்டில் மாட்டியிருந்தால் ஒரு டயோடு பகுதி மட்டும் பாதிக்கப்படும்.

இந்தப் பட்டை எவ்வளவு சீக்கிரம் சேரும் என்பது சாய்வைப் பொறுத்தது. கடலூரும் புதுச்சேரியும் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 12 டிகிரியில் இருக்கின்றன. ஆகவே தெற்குப் பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்வு நமக்குப் போதும். அந்தச் சாய்வில் நல்ல மழை பெய்தால் பெரும்பாலான தூசி ஓடிவிடும். புயலுக்குப் பயந்தோ, கீழே வெயில் மறைப்பாகப் பயன்படட்டும் என்றோ பேனலைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்தாற்போல் மாட்டியிருந்தால், மழையும் அங்கே முழுசாக வேலை செய்யாது. தண்ணீர் தேங்கிக் காயும், வட்டம் வட்டமாகக் கறை விழும்.

நம் ஊர் மாதக் கணக்கு

கடலூர், புதுச்சேரிக்கு ஆண்டு முழுவதும் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் விழுகிறது. அந்த நாட்களில் பேனலைக் கழுவுவது வீண் வேலை. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் போன்ற புயல் வந்து போனால் கண்ணாடி தானாகவே பளிச்சென்று ஆகிவிடும். அப்போது பார்க்க வேண்டியது வேறு. கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா, தென்னை மட்டை விழுந்து கண்ணாடியில் விரிசல் விட்டிருக்கிறதா, ஒயர் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

மழை நின்ற பிறகுதான் தூசிக் காலம் தொடங்குகிறது. மார்கழிக் கடைசி நாளின் போகிப் புகையும் தை மாதக் காலைப் பனியும் சேர்ந்து கரியைக் கண்ணாடியில் ஒட்ட வைக்கும். பனி ஈரத்தில் ஒட்டி, வெயிலில் காய்ந்த தூசியைக் காற்று அடித்துப் போக்காது. மாசி, பங்குனியில் ஒரு சொட்டு மழை இல்லாமல் போகலாம். பங்குனி, சித்திரையில் வேப்பம்பூ கொட்டும். மாடிக்குப் பக்கத்தில் வேப்ப மரம் இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சித்திரை, வைகாசி வெயிலில் சாலை வேலை, கட்டட வேலை எல்லாம் மும்முரம். சிமெண்ட் தூசி கிளம்பும். ஆடிக்காற்றில் புழுதி பறக்கும். ஆடி, ஆவணியில் சாயங்காலம் இடி மழை வர ஆரம்பித்ததும் கொஞ்சம் மூச்சு விடலாம்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. லேசான தூறல் பேனலைச் சுத்தம் செய்யாது, இன்னும் அழுக்காக்கும். காற்றில் இருக்கிற தூசியையும் கொண்டுவந்து, கண்ணாடி மேல் இருப்பதோடு குழைத்துப் புள்ளி புள்ளியாக விட்டுப்போகும். பத்து நிமிடம் ஓடுகிற மாதிரி பெய்தால்தான் அது கழுவும் மழை.

தெருவுக்குத் தெரு நிலைமையும் மாறும். தேவனாம்பட்டினம், தாழங்குடா, புதுச்சேரியில் வைத்திக்குப்பம், வீராம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் மதியத்துக்கு மேல் வீசும் கடல் காற்று உப்பைக் கொண்டுவந்து படிய வைக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. அதனால் கண்ணாடி எப்போதும் பிசுபிசுப்பாக இருக்கும், தூசி சுலபமாக ஒட்டும். நல்ல வேளையாக உப்பு தண்ணீரில் கரைந்துவிடும், ஒரு அலசலில் போய்விடும். அங்கே பெரிய கவலை கண்ணாடியைவிட ஸ்டாண்டும் நட்டு போல்ட்டும்தான். துரு பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதையும் கழுவும் வேலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம், விழுப்புரம் சாலை ஓரம் இருக்கிறவர்களுக்கு வண்டிப் புகை. அதில் எண்ணெய்ப் பிசுக்கு கலந்திருக்கும், மழைக்கு அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்காது. நெய்வேலிச் சுரங்கங்களை ஒட்டிய ஊர்களிலும், ஆலைப் புகைபோக்கிக்குக் காற்று இறங்கும் பக்கத்திலும், முந்திரிக்கொட்டை வறுக்கிற பண்ருட்டிப் பக்கத்திலும் கரித்தூள் படியும். அங்கெல்லாம் அடிக்கடி பார்க்கத்தான் வேண்டும். மஞ்சக்குப்பத்தில் உள்தெருவில் இருக்கிற வீட்டுக்கும் இவர்களுக்கும் ஒரே கணக்கைச் சொல்ல முடியாது.

வெளியூர் ஆய்வுகளைப் படித்துவிட்டுக் குழம்புவதும் இதனால்தான். 2013-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாகத்தில் வெளியிட்ட ஓர் ஆய்வில், 145 நாள் மழையே படாமல் கிடந்த பேனல்கள் இழந்தது சராசரியாக 7.4 சதவீதம்தான் என்று கண்டார்கள். காசு கொடுத்துக் கழுவுவது கட்டுப்படியாகாது என்பது அவர்கள் முடிவு. 5 டிகிரிக்கும் குறைவாகச் சாய்ந்த பேனல்களில் மட்டும் அழுக்கு மிக அதிகம். 2017-இல் காந்திநகர் ஐஐடியும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்டது நேர் எதிர். குஜராத்தில் இருபது முப்பது நாளுக்கு ஒரு முறை கழுவியபோது ஒவ்வொரு தடவையும் உற்பத்தி ஏறத்தாழ 50 சதவீதம் எகிறியது. இரண்டும் பொய்யில்லை. ஓரிடத்தில் தூசி குறைவு, இன்னோரிடத்தில் வறண்ட மண்ணும் நகரப் புகையும் அதிகம். நாம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். நமக்கு நம் மாடியே சாட்சி.

காசுக் கணக்கு

3 கிலோவாட் சோலார் நம் ஊர் வெயிலில் ஒரு நாளைக்குச் சராசரியாக 12 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். தூசியால் 5 சதவீதம் குறைந்தால் நாளைக்கு 0.6 யூனிட், மாதத்துக்கு 18 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் போட்டால் 108 ரூபாய். 10 சதவீதம் குறைந்தால் மாதம் 216 ரூபாய். கழுவ வருகிறவர் தடவைக்கு 500 ரூபாய் கேட்டால் மாதாமாதம் கூப்பிடுவது நஷ்டம். கோடையில் ஒரே ஒரு முறை, பேனல் நன்றாக அழுக்கேறின பிறகு கூப்பிட்டால் போட்ட காசு திரும்பும். நீங்களே பாதுகாப்பாகச் செய்ய முடிகிற மாடி என்றால் செலவு இரண்டு வாளித் தண்ணீரும் அரை மணி நேரமும்தான்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. நிகர யூனிட் (பேனல் தந்ததைக் கழித்து மிஞ்சுவது) 500-ஐத் தாண்டினால் அதற்குக் கீழே கிடைத்த சலுகைக் கட்டணத்திலும் ஒரு பகுதி போய்விடும், மேலே வரும் யூனிட்டுக்கு விலையும் கூடும். ஏசி ஓடுகிற மே, ஜூன் மாதங்களில் அந்த எல்லைக்கு அருகே நிற்கிற வீட்டுக்கு 40 யூனிட்கூடப் பெரிய வித்தியாசம். புதுச்சேரியிலும் யூனிட் ஏற ஏற விலை ஏறும் கணக்குத்தான். ஆகவே ஆண்டில் ஒரு தடவைதான் கழுவ முடியும் என்றால், கோடை ஏசி தொடங்குவதற்கு முன்னால், பங்குனி மாதத்தில் கழுவிவிடுங்கள். அடுத்த இரண்டு மாதம்தான் வெயிலும் செலவும் அதிகம்.

குறைந்தது தூசியாலா, வேறெதாலா?

உற்பத்தி குறைந்தாலே அழுக்கு என்று முடிவு கட்ட வேண்டாம். சித்திரை வெயிலில் உற்பத்தி உச்சத்துக்குப் போகும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறையும். கோடை மதியத்தில் செல்லின் சூடு 60 டிகிரியைத் தொடும். அதில் மட்டுமே 12 சதவீதம் போய்விடுகிறது. இதைத் தூசி என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் மாறாது. அப்புறம், பக்கத்து மனையில் புதிதாக ஒரு மாடி எழும்பி நிழல் விழலாம். தென்னை வளர்ந்திருக்கலாம். மதிய நேரத்தில் லைன் வோல்டேஜ் எகிறி, பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடலாம். அப்படியானால் உற்பத்தியைக் காட்டும் மொபைல் ஆப்பில் வரைபடம் மேலே ஏறி, பொத்தென்று விழுந்து, மறுபடி ஏறும்.

தூசிதானா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. மேகம் இல்லாத ஒரு நாளில் பகல் 11 முதல் 1 மணி வரை ஆப்பில் எத்தனை கிலோவாட் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் கழுவுங்கள். அன்றும் வானம் தெளிவாக இருந்தால் அதே நேரத்தில் மறுபடி பாருங்கள். 2.1 காட்டியது 2.3 ஆனால் தூசி தின்றது கிட்டத்தட்ட 9 சதவீதம். 2.1 என்றே நின்றால் உங்கள் பேனலுக்கு இப்போது கழுவல் தேவைப்படவில்லை, காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள். ஓராண்டு இப்படிக் குறித்து வைத்தால் உங்கள் வீட்டுக்கு எத்தனை மாதத்துக்கு ஒரு முறை தேவை என்பது தெரிந்துவிடும். யார் சொல்வதையும் கேட்க வேண்டியதில்லை.

உள்தெருவில், ஓரளவு சாய்வோடு இருக்கிற வீட்டுக்கு என் கணிப்பு இது: மழைக்காலம் முடிந்து ஜனவரியிலிருந்து ஜூன் வரை இரண்டு மூன்று தடவை, ஆடிக்குப் பிறகு நல்ல மழை வந்தால் தேவையே இல்லை. எச்சத்துக்கு மட்டும் காலக்கெடு கிடையாது. பார்த்த அன்றே எடுத்துவிட வேண்டும்.

தண்ணீர்தான் முக்கியம்

கடற்கரை ஊர்களில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு அல்லது கடினத் தண்ணீர். பாத்ரூம் டைல்ஸிலும் குழாய் வாயிலும் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புப் படிவம் பேனல் கண்ணாடியிலும் வரும். தூசி என்றால் மழைக்குப் போகும். இந்த வெள்ளைப் படலம் மழைக்குப் போகாது. சுரண்டினால் கண்ணாடி மேல் இருக்கும் ஒளி எதிரொளிக்காத பூச்சும் சேர்ந்து போய்விடும். சூடான கண்ணாடியில் கடினத் தண்ணீரை ஊற்றி அப்படியே காய விடுவது ஒவ்வொரு தடவையும் ஒரு மெல்லிய சுண்ணாம்பு பூசுவதற்குச் சமம். தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரிங்க்ளர் வைத்து, டைமர் போட்டுத் தினமும் போர் தண்ணீர் அடிக்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. நல்ல எண்ணத்தில் செய்கிறார்கள், இரண்டு வருடத்தில் கண்ணாடி பாலாடை படிந்த மாதிரி மங்கிவிடுகிறது.

நல்ல தண்ணீர் எது? சேமித்த மழைநீர் அருமையானது. உப்பு இல்லாத குழாய்த் தண்ணீர் பரவாயில்லை. ஏசியிலிருந்து குழாய் வழியாக வடிகிற தண்ணீரில் உப்பே கிடையாது. கோடையில் ஒரு வாளி சேர்வது சுலபம், பேனலுக்கு அதைவிட நல்லது கிடைக்காது. ஆர்ஓ மெஷினில் குடிக்க வருகிற தண்ணீரும் சரி. ஆனால் ஆர்ஓ கழிவுத் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். வீணாகிறதே என்று பலர் பிடித்து வைத்துப் பாத்திரம் கழுவ, வாசல் தெளிக்கப் பயன்படுத்துகிறார்கள், அது நல்ல பழக்கம்தான். பேனலுக்கு ஆகாது, பிரித்தெடுத்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. வேறு வழியே இல்லாமல் போர் தண்ணீரில்தான் கழுவியாக வேண்டும் என்றால், கடைசியில் ஒரு வாளி நல்ல தண்ணீரை ஊற்றி, வைப்பரால் இழுத்து, ஒரு சொட்டும் நிற்காமல் துடைத்துவிடுங்கள்.

கழுவும் நேரம் விடிகாலை. பனியில் தூசி ஊறியிருக்கும், பாதி வேலை தானாக முடிந்திருக்கும். அல்லது வெயில் சாய்ந்து கண்ணாடி ஆறின பிறகு. மதியத்தில் கொதிக்கிற கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் கண்ணாடி விரிசல் விடக்கூடும். முதலில் இன்வெர்ட்டரை நிறுத்தி, வீட்டு லைனுக்குப் போகும் ஏசி (மாறுதிசை மின்சார) சுவிட்சையும் பிறகு பேனலிலிருந்து வரும் டிசி (நேர்திசை மின்சார) சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.

துடைப்பதற்கு முன் தண்ணீரை ஊற்றுவது அவசியம். காய்ந்த துணியால் தூசி தட்டுவது கூடவே கூடாது. நம் கரையோர மணல் கண்ணாடியைக் கீறும் அளவுக்குக் கடினமானது. காய்ந்த துணிக்கு அடியில் அது உப்புத்தாள் வேலை செய்யும். தண்ணீரை மேலிருந்து வழியவிட்டு மணல் இறங்கின பிறகு, மெல்லிய ஸ்பாஞ்ச் அல்லது பழைய பருத்தி வேட்டித் துணியைக் கொம்பில் கட்டி, மேலிருந்து கீழாக இழுங்கள். அடி ஓரத்தில் சேறு காய்ந்திருந்தால் ஈரத் துணியை ஐந்து நிமிடம் அதன் மேல் போட்டு வையுங்கள், ஊறி வந்துவிடும். எச்சத்துக்கும் அதே வைத்தியம். விளிம்பு மூலைகளில் பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். கம்பி நார், தென்னந்துடைப்பம், சோப்புத்தூள், பாத்ரூம் ஆசிட், கார் கழுவும் பிரஷர் பம்ப் இவை எதுவும் பேனல் பக்கமே வரக்கூடாது. புகைப் பிசுக்குக்கு மட்டும் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு ஒரு வாளியில் கலக்கலாம். பிறகு நன்றாக அலச வேண்டும், சோப்பு தங்கினால் தூசி இன்னும் ஒட்டும். பேனலின் பின்பக்கம், கனெக்டர், பெட்டி இருக்கும் பக்கம் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். கடையில் விற்கிற நானோ பூச்சுகளை வாங்கும் முன் பேனல் கம்பெனியின் கையேட்டைப் பாருங்கள். அவர்கள் சொல்லாத எதைத் தடவினாலும் வாரண்டி கேள்விக்குறி ஆகலாம்.

பேனல் மேல் காலோ முழங்காலோ வைக்கவே கூடாது. கண்ணாடி தாங்கிவிடும், உள்ளே செல்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அது ஓரிரு வருடம் கழித்துத்தான் உற்பத்தியில் காட்டும்.

ஆபத்தைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். சுவிட்சை அணைத்தாலும் வெயில் பட்டுக்கொண்டிருக்கும் வரை பேனலில் வோல்டேஜ் இருக்கும். 540 வாட் பேனல் ஒன்று எதனோடும் இணைக்காத நிலையில் 49 வோல்ட் அளவு காட்டும். ஆறு பேனல் தொடரில் இருந்தால் 300 வோல்ட் டிசி. கண்ணாடி உடைந்த பேனலையும், உறை கிழிந்த ஒயரையும் ஈரக் கையால் தொடாதீர்கள், அதன் மேல் தண்ணீரே ஊற்றாதீர்கள், மாட்டியவரைக் கூப்பிடுங்கள். கீழே புழங்க இடம் வேண்டும் என்று எட்டடி உயர ஸ்டாண்டில் பேனல் வைத்த வீடுகள் இப்போது நிறைய. அங்கே ஏணி வைத்து, கைப்பிடிச் சுவரில் ஒரு காலை வைத்துக்கொண்டு, ஈரத் தளத்தில் நின்று கழுவ முயல்வதை எந்த யூனிட் கணக்கும் நியாயப்படுத்தாது. வயதானவர்கள் தனியாக ஏறவே வேண்டாம். அப்படிப்பட்ட மாடிக்கு, இடுப்பில் கயிறு கட்டி வேலை செய்யத் தெரிந்த ஆளை கோடைக்கு முன் ஒரு தடவை கூப்பிடுவதுதான் சரி. இரண்டு மூன்று சதவீத உற்பத்தி போனால் போகட்டும்.

இனிமேல்தான் சோலார் போடப்போகிறீர்கள் என்றால் வேலை இன்னும் சுலபம். பிரதமர் சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது என்பதைப் பற்றி மட்டும் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். சாய்வு 10 டிகிரிக்குக் குறையாமல் இருக்குமா, பேனல் வரிசைகளுக்கு நடுவே ஒரு ஆள் நின்று துடைக்க இடம் விடுவார்களா, உயர ஸ்டாண்ட் என்றால் நடைபாதைப் பலகை வைப்பார்களா, மாடியில் நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்று பக்கத்தில் வருமா என்று கேளுங்கள். கடலுக்கு அருகே என்றால் நட்டு போல்ட் துருப்பிடிக்காத ஸ்டீலா, பேனல் உப்புக்காற்றுச் சோதனையில் தேறியதா என்றும் கேளுங்கள். மேல் விளிம்பில் காக்கை உட்காராமல் ஒரு மெல்லிய கம்பி இழுத்துக் கட்டச் சொன்னால் அதற்குப் பெரிய செலவு ஆகாது. மாட்டுகிற அன்றே செய்துவிடலாம்.